மகளின் கல்லூரி ஐஸ் ஹாக்கி சீசன்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மினசோட்டாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கோல் கீப்பர். ஆறு வயதில் கராஜ் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, அண்ணன் அடிக்கிற பந்தை அவள் தடுப்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பிறகு அவள் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் ஓர் அணியில் சேர்ந்து நான்கு ஆண்டு ஆடினாள். அந்த நான்கு ஆண்டும் அவளுடைய அப்பா அம்மாவோடு நானும் அரங்கம் அரங்கமாகப் போனேன். இப்போது என் மகளுக்குப் பதினோரு வயது. அவளும் ஸ்கேட் கட்டத் தொடங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது மற்ற பெற்றோர் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலருக்கு ஹாக்கியே புதிது. சிலருடைய மகள்கள் இன்னும் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போகப் போகிறார்கள். இருவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

சீசன் எப்போது தொடங்கும், எப்போது முடியும்?

செப்டம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் மூன்றாம் நான்காம் வாரம் வரை போகும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கார்னெல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் மட்டும் அக்டோபர் கடைசியில்தான் களமிறங்கும். வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 34 ஆட்டங்கள் வரை இருக்கும், ஐவி அணிகளுக்கு அதைவிடக் குறைவு. பெரும்பாலும் வெள்ளி மாலை ஓர் ஆட்டம், சனி மதியம் ஓர் ஆட்டம்.

வீட்டில் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது விடுமுறைகள். நவம்பரில் நன்றி கூறும் நாள் வார இறுதியில் பல அணிகளுக்கு ஆட்டம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிற மகள் நான்கைந்து நாளில் பெட்டியைக் கட்டிவிடுவாள், ஏனென்றால் புத்தாண்டை ஒட்டிப் பயிற்சியும் ஆட்டமும் தொடங்கிவிடும். முதல் வருடம் பக்கத்து வீட்டில் இதை எதிர்பார்க்கவில்லை. பாட்டி, தாத்தா எல்லோரும் 28-ஆம் தேதி வருவதாக ஏற்பாடு. அவள் 27-ஆம் தேதி காலையிலேயே கிளம்பிவிட்டாள். அடுத்த வருடத்திலிருந்து அந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து டிசம்பர் 23-ஆம் தேதிக்கு மாறிவிட்டது.

மொத்தம் எத்தனை அணிகள்? யார் யாரோடு ஆடுவார்கள்?

முதல் டிவிஷனில் 45-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் அணிகள், ஐந்து கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. மேற்கே டபிள்யூசிஹெச்ஏ: விஸ்கான்சின், மினசோட்டா, ஒஹாயோ ஸ்டேட், மினசோட்டா டுலூத், பெமிட்ஜி ஸ்டேட் முதலிய எட்டு அணிகள். கிழக்கே ஈசிஏசி, அதில் ஐவி கல்லூரிகளோடு கிளார்க்சன், கோல்கேட், குவினிபியாக் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு. பாஸ்டனைச் சுற்றியும் நியூ இங்கிலாந்திலும் இருக்கிற பத்து அணிகள் ஹாக்கி ஈஸ்டில். மற்றவை அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்காவிலும் நியூஹா என்கிற சின்னக் கூட்டமைப்பிலும் ஆடுகின்றன.

தேசியப் போட்டியை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ 2001-இல் தொடங்கியது. முதல் கோப்பை மினசோட்டா டுலூத்துக்கு. அதிலிருந்து 2013 வரை ஒவ்வொரு கோப்பையும் டபிள்யூசிஹெச்ஏ அணிகளுக்கே போனது. 2014-இல்தான் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியிலிருந்து வந்த கிளார்க்சன் அந்த வரிசையை உடைத்தது. இப்போது தேசியப் போட்டிக்கு 11 அணிகள் போகின்றன. ஐந்து கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்கு நேரடி இடம். மீதி ஆறு இடங்களில் வெற்றி எண்ணிக்கையோடு எதிரணியின் பலமும் கணக்கில் வரும். அதனால் அக்டோபரில் பலமான அணியோடு ஆடித் தோற்றாலும் மார்ச்சில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

ஆட்டமே புரியவில்லை. குறைந்தபட்சம் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

20 நிமிடம் வீதம் மூன்று பீரியட். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், கூடவே ஒரு கோல் கீப்பர். மூன்று பேர் முன்வரிசை, இரண்டு பேர் தடுப்பு. இவர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். அதற்காக ஆட்டம் நிற்காது. வேலியைத் தாண்டி ஒருத்தி உள்ளே குதிக்கும்போது இன்னொருத்தி வெளியே வந்துகொண்டிருப்பாள். உங்கள் மகள் ஐந்து நிமிடம் கண்ணில் படவில்லை என்றால் அவளை உட்கார வைத்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள். அவளுடைய லைனின், அதாவது அவளோடு சேர்ந்து இறங்கும் குழுவின், முறை வந்துகொண்டிருக்கும்.

பெண்கள் ஹாக்கியில் உடம்பால் முட்டித் தள்ளுவது குற்றம். ஆனால் தோளோடு தோள் உரசி, எதிராளியை ஓரப் பலகைப் பக்கம் ஒதுக்கி பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) பறிக்கலாம். எது உரசல், எது முட்டல் என்று நடுவர் முடிவு செய்வதில்தான் பெற்றோர் வரிசையில் பாதிச் சத்தம் எழும். சின்னக் குற்றத்துக்கு இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த நேரத்தில் எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல், அதுதான் பவர் ப்ளே. சமநிலையில் முடிந்தால் மூவருக்கு மூவர் ஐந்து நிமிட ஓவர்டைம். அதிலும் தீராவிட்டால் கூட்டமைப்புப் புள்ளிக்காக ஷூட்அவுட், அதாவது ஒவ்வொருவராகத் தனியே வந்து கோல் கீப்பரை எதிர்கொள்வது. மூன்று பீரியடுக்குள் வென்றால் மூன்று புள்ளி, ஓவர்டைம் வெற்றிக்கு இரண்டு, அதில் தோற்றவர்களுக்கு ஒன்று. நாக்அவுட் போட்டிகளில் இந்தக் குறுக்குவழி கிடையாது. ஒருவர் கோல் போடும்வரை இருபது இருபது நிமிடமாக ஆட வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன். முதல் சில மாதம் எல்லோரும் பக்கையே பார்ப்போம். அது வேகமாகப் போகும், கண் வலிக்கும், எதுவும் புரியாது. ஒரு முழு ஷிஃப்ட், அதாவது அவள் உள்ளே இறங்கி வெளியே வரும்வரை, உங்கள் மகளை மட்டும் பாருங்கள். பக் தன்னிடம் இல்லாதபோது அவள் எங்கே போய் நிற்கிறாள், யாருக்கு இடம் திறந்துவிடுகிறாள் என்று பாருங்கள். அவள் பத்து வருடமாக அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து கற்றுக்கொண்டது அதைத்தான்.

அரங்கத்தில் எங்கே உட்காருவது?

ஒவ்வொரு அரங்கத்திலும் பெற்றோருக்கென்று ஒரு பகுதி தானாகவே அமைந்துவிடும். மகளின் எண் போட்ட ஜெர்சிகள் வரிசையாக இருக்கும் இடத்துக்குப் போய்ப் பெயரைச் சொன்னால் போதும், இடம் ஒதுக்கித் தருவார்கள்.

கோல் கீப்பரின் அம்மாக்கள் மட்டும் அங்கே உட்கார மாட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா முதல் பீரியடில் மகள் நிற்கிற வலைக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டி நிற்பார். பீரியட் முடிந்து பக்கம் மாறியதும் இருக்கை மெத்தையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அரங்கத்தைச் சுற்றி மறுபக்கம் போவார். மூன்றாவது பீரியடில் மறுபடி பழைய பக்கம். இரண்டு கையிலும் கைச்சூட்டுப் பொட்டலம். ஆட்டம் நடக்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். பக் தங்கள் பக்கம் வரும்போது அவருடைய இடது முழங்கால் மகளுடைய முழங்காலோடு சேர்ந்து மடங்கும். அவருக்கே அது தெரியாது. பக்கத்தில் நின்ற நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கோல் விழுந்தால் வரிசையில் இருக்கிற யாரும் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அந்த மரியாதையை நான் அங்கேதான் கற்றேன்.

மெத்தை, போர்வை, கனமான காலுறை இல்லாமல் போகாதீர்கள். மினியாபொலிஸில் ரிடர் அரீனா போன்ற புது அரங்கங்கள் பரவாயில்லை. அமெரிக்காவில் பெண்கள் கல்லூரி ஹாக்கிக்கென்றே கட்டிய முதல் அரங்கம் அது, 2002-இல் திறந்தது, ஏறக்குறைய 3,400 இருக்கைகள். மாடிசனில் விஸ்கான்சின் அணியின் லாபான் அரீனா 2012-இல் வந்தது. ஆனால் பழைய அரங்கங்களில் அலுமினியப் பலகையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் எழுந்து நிற்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும்.

டிக்கெட் வாங்க வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக நான்கு இலவச நுழைவு உண்டு. யார் வருகிறார்கள் என்று மகள் முன்கூட்டியே பட்டியலில் எழுதிவிட வேண்டும். வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போகலாம். சித்தப்பா, அத்தை என்று குடும்பத்தோடு போகிறவர்கள் மற்ற பெற்றோரிடம் மிச்சப் பெயர் கேட்கலாம், சந்தோஷமாகத் தருவார்கள்.

வெளியூர் ஆட்டங்களுக்கு எப்படிப் போகிறார்கள்? எல்லாவற்றுக்கும் போக வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் போக முடியாது. போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் போனார். மினியாபொலிஸிலிருந்து டுலூத் 250 கிலோமீட்டர், பெமிட்ஜி 350, மாடிசன் 430. ஒஹாயோ ஸ்டேட் இருக்கிற கொலம்பஸ் 1,200-ஐத் தாண்டும், அதற்கு மட்டும் விமானம். வெள்ளி மதியம் வேலையை முடித்துக் கிளம்பினால் முதல் பீரியடின் பாதியில் போய்ச் சேருவோம். வீட்டுக்குத் திரும்ப ஞாயிறு அதிகாலை ஆகிவிடும்.

மேற்கில் வெள்ளியும் சனியும் ஒரே எதிரணியோடு ஒரே ஊரில் ஆட்டம் என்பதால் ஒரு விடுதி அறை போதும். கிழக்கில் ஈசிஏசி முறை வேறு. வெள்ளிக்கிழமை ஓர் அணி, சனிக்கிழமை அதற்குப் பக்கத்து ஊர் அணி. கிளார்க்சன் இருக்கிற பாட்ஸ்டமும் செயின்ட் லாரன்ஸ் இருக்கிற கேன்டனும் இருபது கிலோமீட்டருக்குள் இருப்பதால் இரண்டுக்கும் நடுவில் ஓர் அறை பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டுமே சின்ன ஊர்கள், விடுதிகள் குறைவு. அட்டவணை வெளியான வாரமே முன்பதிவு செய்யாவிட்டால் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்தான் அறை கிடைக்கும். அந்தப் பக்கம் ஒண்டாரியோ ஏரியிலிருந்து அடித்துக்கொண்டு வருகிற பனியும் சேர்ந்தால் அந்த ஒரு மணி நேரம் மூன்றாகும்.

பனியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாம் வருடம் பிப்ரவரியில் பெமிட்ஜியிலிருந்து திரும்பும்போது எங்கள் வண்டி கண்ணாடி போன்ற பனிக்கட்டியில் வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இரவு பதினொன்றரை மணி, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 24 டிகிரி. யாருக்கும் அடி இல்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு பிக்கப் வண்டி நின்றது. ஓட்டி வந்தவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். பார்த்தால் அவரும் ஹாக்கி அப்பா, எதிரணியில் தடுப்பு ஆடுகிற பெண்ணின் அப்பா. அன்று மாலை எங்கள் பெண்ணுக்கு எதிராக ஒரு கோல் போட்டவளும் அவளே. காசு கொடுக்கப் போனதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த அணியோடு ஆட்டம் என்றால் பக்கத்து வீட்டம்மா ஒரு டப்பா குக்கி சுட்டு அவருக்கென்று எடுத்துக்கொண்டு போவார்.

வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டியவை: ஒரு மண்வாரி, ஒரு மூட்டை மணல், ஆளுக்கொரு போர்வை, டார்ச், சாப்பிட ஏதாவது. பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். சாலை மோசம் என்று மாநிலப் போக்குவரத்துத் துறை அறிவித்துவிட்டால் வீட்டிலேயே இருங்கள். மகள் அணிப் பேருந்தில் பத்திரமாக இருப்பாள். தன் அப்பா அம்மா அந்தச் சாலையில் வருகிறார்கள் என்ற நினைப்போடு அவள் ஆட வேண்டாம்.

நேரில் போக முடியாதவர்கள் எப்படிப் பார்ப்பது?

ஏறக்குறைய எல்லா ஆட்டங்களும் இணையத்தில் நேரலையாக வருகின்றன. எந்தச் செயலி என்பது கூட்டமைப்பைப் பொறுத்தது, சில சமயம் உள்ளூர் அணியைப் பொறுத்தும் மாறும். கிழக்கின் பெரும்பகுதி இஎஸ்பிஎன் பக்கம், விஸ்கான்சின், மினசோட்டா, ஒஹாயோ ஸ்டேட் ஆட்டங்கள் பெரும்பாலும் பிக் டென் செயலியில். சீசன் தொடக்கத்தில் அணியின் அட்டவணைப் பக்கத்துக்குப் போய், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கத்தில் இருக்கிற இணைப்பைப் பார்த்து எது எது தேவை என்று கணக்குப் போட்டுவிட்டுச் சந்தா கட்டுங்கள்.

நேரலை அரை நிமிடமாவது பின்தங்கி வரும். அதனால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விதி உண்டு: ஆட்டம் நடக்கும்போது கோல் விவரம் எழுதக் கூடாது. மகள் வலையில் நிற்கிறாள், திரையில் எதிரணி இன்னும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை, அதற்குள் கைபேசியில் "ஐயோ" என்று வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிற தாத்தா பாட்டிக்கு இணைப்பு அனுப்புகிறவர்கள் இங்கே வெள்ளி மாலை என்றால் அங்கே சனிக்கிழமை விடிகாலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில சேவைகள் அமெரிக்காவுக்கு வெளியே திறக்காது, முதலில் சோதித்துப் பாருங்கள்.

மகளுக்கு ஆட வாய்ப்பே தரவில்லை. கோச்சிடம் பேசலாமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

ஓர் அணியில் 25 பேரை ஒட்டி இருப்பார்கள். ஆட்டத்துக்கு உடை மாற்றுவது இருபது பேரை ஒட்டித்தான். மற்றவர்கள் மாடியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். உடை மாற்றியவர்களிலும் நான்காவது லைனில் இருக்கிறவளுக்குச் சில நாள் மூன்று நான்கு நிமிடம்தான் கிடைக்கும். இந்தப் பெண்கள் எல்லோருமே தங்கள் ஊரில், தங்கள் பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்கள். வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார வேண்டியிருக்கிறது. பெற்றோருக்கும் அது முதல்முறை.

கோல் கீப்பருக்கு நிலைமை இன்னும் கடினம். அணியில் மூன்று பேர், வலை ஒன்று. பக்கத்து வீட்டுப் பெண் முதல் வருடம் முழுக்க ஆடியது இரண்டே ஆட்டம், அதிலும் ஒன்று பாதியில் இறங்கியது. அந்த ஜனவரியில் ஒருநாள் இரவு அவளுடைய அப்பா என்னைக் கூப்பிட்டார். சமையலறை மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல், ஒன்றரைப் பக்கம், மகளுடைய தடுப்பு விகிதம், மற்ற இருவருடையது, எல்லாம் அட்டவணையாக. "படித்துப் பாருங்கள், கோபமாகத் தெரிகிறதா?" என்று கேட்டார். கோபமாகத் தெரியவில்லை, வலிதான் தெரிந்தது. இதை அனுப்பப்போவது மகளுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லவில்லை. வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மடிக்கணினியை மூடினார். அது அனுப்பப்படவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து மகளே கோச்சின் அறைக்குப் போய், "நான் என்ன செய்தால் எனக்கு இடம் கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். பக் திரும்பி வருகிற கோணத்தில் அவளுடைய இடது பக்கம் மெதுவாக இருக்கிறது என்று கோச் காணொளியைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தக் கோடை முழுவதும் அதைத்தான் பயிற்சி செய்தாள். மூன்றாம் வருடத்தில் பாதி ஆட்டம், நான்காம் வருடத்தில் ஏறக்குறைய எல்லாமே அவளுடையது. எல்லோருக்கும் இப்படி முடியாது. நான்கு வருடமும் மாடியிலேயே இருந்த பெண்களும் உண்டு. அவர்களுடைய பெற்றோரும் ஒவ்வொரு வெள்ளியும் வந்தார்கள், மற்றவர்கள் பிள்ளைக்காகக் கை தட்டினார்கள். அவர்கள் மேல் எனக்கு இருக்கிற மதிப்பு கொஞ்சமல்ல.

ஆகவே ஆடுகிற நேரம், இடம், லைன் பற்றிப் பெற்றோர் கோச்சிடம் பேசக் கூடாது. பேசுவதாக இருந்தால் மகள் பேச வேண்டும். ஆனால் கோச் அவமானப்படுத்துகிறார், அடிபட்ட நிலையில் ஆடச் சொல்கிறார், மகள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அதற்குக் கல்லூரியின் விளையாட்டுத் துறை நிர்வாகத்திடம் நேராகப் போகலாம், போக வேண்டும்.

அணி மாறுவது இப்போது முன்னைவிட எளிது. 2018-இல் வந்த ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் பதிந்தால் மற்றக் கல்லூரிகள் தொடர்புகொள்ளலாம். அந்த முடிவும் அவளுடையதாக இருக்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் அவளிடம் என்ன பேசுவது?

சாப்பாட்டைப் பற்றி.

ஆட்டம் முடிந்து அவள் வெளியே வர நாற்பது நிமிடம் ஆகும். அணிக் கூட்டம், உடற்பயிற்சி சைக்கிள், குளியல் எல்லாம் முடித்து ஈரத் தலையோடு வருவாள். அதற்குள் அவள் தன் தவறுகளைக் காணொளியில் பார்த்திருப்பாள் அல்லது கோச் சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "பசிக்கிறதா?" நம் வீடுகளில் "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆட்டத்தைப் பற்றி அவளாகத் தொடங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழு அணிக்கும் சாப்பாடு கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள். எப்போதாவது பெற்றோர் அணிக்கு உணவு கொடுக்க என்சிஏஏ விதி அனுமதிக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. கடலை ஒவ்வாமை உள்ள பெண் யாராவது இருக்கிறாளா என்றும் விசாரியுங்கள். ஒருமுறை நான் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தில் கடலை. பெட்டியைத் திறக்கும் முன் கேட்டதால் தப்பித்தோம். அடுத்த முறை கடலை இல்லாமல் செய்தேன். பாத்திரம் காலியாகத்தான் திரும்பியது.

அடிபட்டால்?

அடிபடும். கணுக்கால், முழங்கால், தோள், எல்லாவற்றுக்கும் மேலே தலை. முகத்தை முழுக்க மூடும் கம்பிக் கூண்டு கட்டாயம் என்பதால் பல், கண் காயங்கள் குறைவு. ஆனால் மூளையதிர்வு விகிதத்தில் பெண்கள் ஐஸ் ஹாக்கி கல்லூரி விளையாட்டுகளின் முன்வரிசையில் இருக்கிறது. முட்டல் தடை செய்யப்பட்ட ஆட்டத்தில் எப்படி என்று கேட்பார்கள். வேகமாக வருகிறவர்கள் தெரியாமல் மோதுவதும், பலகையிலும் பனியிலும் தலை இடிப்பதும் தடையால் நிற்காது.

மூளையதிர்வு என்று சந்தேகம் வந்தாலே அன்று மறுபடி களமிறங்க முடியாது. பிறகு படிப்படியாக: நடை, லேசான ஓட்டம், தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, கடைசியில் மருத்துவர் கையெழுத்து. ஒரு படியில் தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. வாரங்கள் ஆகலாம். அவசரப்படுத்துகிற ஒரு வார்த்தையும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

பதினெட்டு வயது ஆகிவிட்டால் அவளுடைய மருத்துவத் தகவல் அவளுடையது. அவள் எழுத்தில் அனுமதி தராமல் அணி மருத்துவர் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார். ஆகஸ்டில் விடுதியில் கொண்டுவிடும்போதே அந்தப் படிவத்தைப் பற்றி அவளிடம் பேசிவிடுங்கள். நள்ளிரவு மருத்துவமனையில் அதைத் தேட வேண்டியிருக்காது.

முழு உதவித்தொகை கிடைக்குமா?

எல்லோருக்கும் இல்லை. நீண்ட காலம் ஓர் அணிக்கு 18 முழு உதவித்தொகைக்குச் சமமான பணம்தான் உச்சவரம்பு. அதைக் கோச் பிரித்துக் கொடுப்பார். 2025-இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் வீராங்கனைகளின் எண்ணிக்கைக்கு 26 என்று வரம்பு வைத்து, உதவித்தொகை வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் கொடுக்கலாம் என்பதால் கொடுத்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். ஐவி கல்லூரிகளிலும் மூன்றாம் டிவிஷனிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது, குடும்ப வருமானத்தை வைத்துத் தருவதுதான். ஸ்கேட், ஸ்டிக் எல்லாம் முதல் டிவிஷன் அணிகள் கொடுத்துவிடும்.

அணியையே மூடிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்களே?

நடந்திருக்கிறது. நார்த் டகோடா பல்கலைக்கழகம் 2017 மார்ச்சில் செலவைக் காரணம் காட்டிப் பெண்கள் அணியைக் கலைத்தது. அதே அணியில் ஆடிய லமொரூ இரட்டையர் மறு வருடம் ஒலிம்பிக் இறுதியில் கனடாவுக்கு எதிராக அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். மோனிக் சமன் செய்தார், ஷூட்அவுட்டில் ஜோசலின் முடித்தார். ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் 2021 மே மாதம் தன் ஆண், பெண் இரு அணிகளையும் கலைத்தது. பெண்கள் அணி அந்த வருடம்தான் தேசியப் போட்டிக்குப் போய்வந்திருந்தது. பெற்றோரும் பழைய மாணவர்களும் நன்கொடை திரட்டினார்கள், 2023-24 சீசனில் இரண்டு அணிகளும் திரும்பி வந்தன. ஆகையால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அணி இல்லாவிட்டாலும் இங்கே படிப்பாயா என்று மகளிடம் கேளுங்கள்.

தவறவே விடக் கூடாத ஆட்டங்கள் எவை?

பாஸ்டன் பக்கம் என்றால் பீன்பாட். ஹார்வர்டு, பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம், நார்த்ஈஸ்டர்ன் நான்கும் மோதுகிற போட்டி. பெண்களுக்கு 1979-லிருந்து நடக்கிறது. ஆனால் இறுதி ஆட்டத்துக்கு பாஸ்டனின் பெரிய அரங்கமான டிடி கார்டனின் கதவு 2024-இல்தான் திறந்தது. அன்று வந்தவர்கள் 10,633 பேர். நார்த்ஈஸ்டர்ன் ஓவர்டைமில் ஜெயித்தது.

மார்ச்சில் ஃப்ரோசன் ஃபோர், அதாவது கடைசி நான்கு. 2025-இல் அது ரிடர் அரீனாவில் நடந்தபோது நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். இறுதியில் ஒஹாயோ ஸ்டேட் 3-2 முன்னிலை. முடிய 19 வினாடிகூட இல்லை, விஸ்கான்சினுக்கு ஒரு பெனால்டி ஷாட். கிர்ஸ்டன் சிம்ஸ் தனியாக நடுக்கோட்டிலிருந்து வருகிறார். எல்லோரும் சிம்ஸைப் பார்த்தபோது பக்கத்து வீட்டம்மா எதிரே நின்ற கோல் கீப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோல். பிறகு ஓவர்டைமிலும் சிம்ஸே போட்டு 4-3. அரங்கமே எழுந்து குதித்தது. அந்த அம்மா மட்டும், "அந்தக் குழந்தையின் அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ" என்றார்.

பழைய பெற்றோர் இன்னும் சொல்லிக்கொள்வது 2007 காலிறுதி. விஸ்கான்சினும் ஹார்வர்டும் நான்கு ஓவர்டைம் வரை போய், 127 நிமிடம் ஆடிய பிறகு ஒரே ஒரு கோல்.

உங்கள் மகளுடைய சீனியர் டேயைச் சொல்லவே வேண்டாம். வழக்கமான சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முன் நான்காம் வருடப் பெண்கள் பெற்றோரோடு பனியில் நடந்து வருவார்கள், கம்பளம் விரித்திருப்பார்கள். ரப்பர் அடி உள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டி காஸ்மையர் விருது என்பது என்ன?

ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கு 1998 முதல் தருகிறார்கள். பட்டி காஸ்மையர் 1980-களில் பிரின்ஸ்டனில் ஆடியவர், அபூர்வ ரத்த நோயால் 1990-இல் 28 வயதில் இறந்தார். அவருடைய தந்தை டிக் காஸ்மையர் 1951-இல் அமெரிக்கக் கால்பந்தின் ஹைஸ்மன் கோப்பையை வென்றவர். ஒரு விருதை அப்பா வென்றார், இன்னொரு விருதுக்கு மகளின் பெயர்.

நம் பெண்களைச் சேர்க்கலாமா? தாமதமாகிவிட்டதா?

சேர்க்கலாம். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் 1972-இல் வந்ததால்தான் இந்த அணிகளே இருக்கின்றன. பள்ளி அளவில் பெண்கள் ஹாக்கிக்கு முதலில் அங்கீகாரம் கொடுத்த மாநிலம் மினசோட்டா, மாநிலப் போட்டி 1995-இல் தொடங்கியது. எட்டு, ஒன்பது வயதில் தொடங்கினாலும் நேரம் இருக்கிறது. கல்லூரிக் கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் மாணவியோடு ஆட்சேர்ப்பு பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. அதனால் அதற்கு முன் யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். தமிழ்ப் பள்ளியும் பயிற்சியும் மோதும். என் மகள் இரண்டாம் பாதி வகுப்புக்கு ஹாக்கிப் பையோடு வருகிறாள், ஆசிரியை பையை வெளியே வைக்கச் சொல்கிறார், வாசனைக்காக.

நான்கு வருடம் முடிந்தபின் என்ன ஆகும்?

பெண்களுக்கான தொழில்முறை லீக், பிடபிள்யூஹெச்எல், 2024 ஜனவரி முதல் தேதி தொடங்கியது. ஆறு அணிகளோடு ஆரம்பித்தது, 2025-26 சீசனில் சியாட்டிலும் வான்கூவரும் சேர்ந்தன. சிலருக்கு அங்கே இடம் உண்டு. பெரும்பாலானவர்கள் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போய்விடுகிறார்கள், குளிர்காலத்தில் குட்டிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் இப்போது மருத்துவமனை ஒன்றில் இயன்முறை சிகிச்சை பயில்கிறாள். செவ்வாய் மாலை என் மகளுடைய அணியின் கோல் கீப்பர்களுக்குப் பயிற்சி. இடது பக்கக் கோணத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய அம்மா சில நாள் எங்களோடு வந்து, கண்ணாடியை ஒட்டி, வலைக்குப் பின்னால் நின்றுகொள்கிறார்.